தொண்ணூற்றாறு கோப்பைகள்

மொர்க்ஷார்ன் என்றால் அந்த ஊர்ப் பேச்சில்
இருண்ட குளம்.
அந்தக் கோடையில் அது
தன் பெயரை மறந்துவிட்டது.
ஒன்பது மீட்டர் அடியில் கிடந்த
ஒரு தேக்கரண்டி
கைக்கெட்டுவதுபோல் மின்னியது.
விடுமுறைக்கு வந்தவர்கள்
"எவ்வளவு சுத்தம்!" என்று படமெடுத்தார்கள்.

சிக்னே ஓக்கெர்லுண்ட் மட்டும்
படகின் விளிம்பில் கவிழ்ந்து
ஒரு நத்தையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வாரநாட்களில் அவள்
காகித ஆலையின் பரிசோதனைக் கூடத்தில்.
காரம் என்றதும் நம் நாக்கு
மிளகாய்க்கு ஓடும்.
இது வேறு.
மரக்கூழ் வேகும் தொட்டியிலிருந்து
ஒரு துளி தெறித்தால்
முதலில் எரியாது, வழுக்கும்.
விரலோடு விரல் தேய்க்கையில்
சோப்பைத் தொட்டதுபோல் இருக்கும்.
சோப்புதான் அது:
உன் தோலின் கொழுப்பில்
அந்தக் கணமே காய்ச்சியது.

அமிலத்துக்கும் பலம் எது என்பதில்
ஊருக்கு ஒரு தவறான எண்ணம்.
எவ்வளவு ஊற்றினோம் என்பதல்ல,
எவ்வளவு கைவிடுகிறது என்பதே கேள்வி.
ஹெர்ரிங் ஊறும் வினிகர்
தன் ஹைட்ரஜனில் நூற்றில் ஒன்றைத் தருவதற்கே
யோசிக்கும் கருமி.
தென்மேற்கிலிருந்து, யாருடைய புகைபோக்கியிலிருந்தோ
மழையோடு இறங்கியது
அப்படிப்பட்டதில்லை.
தண்ணீரைக் கண்டதும்
இருப்பதையெல்லாம் கொட்டிவிடும் வகை.

ஞாயிறுகளில் அவள் ஏரியை அளந்தாள்.
நீலக் குறிப்பேட்டில் பதினாறு வருடம்:
ஆறு புள்ளி ஆறு. ஆறு புள்ளி ஆறு.
ஆறு புள்ளி ஐந்து. மறுபடி ஆறு புள்ளி ஆறு.
நலம் என்றே படித்தாள்.
கருங்கல் பூமி அது, கடன் தராது.
மடியில் இருந்த ஒரு பிடிச் சுண்ணாம்பைக் கிள்ளிக் கிள்ளி
ஏரி ஒவ்வொரு மழைக்கும்
பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
அந்தச் செலவு
எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

பியூரெட்டைத் திறந்து
சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு
எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பாள்:
மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.
மஞ்சள்.
பிறகு ஒரே சொட்டில்
குடுவை முழுக்கச் சிவப்பு.
ஏரியும் ஒரு குடுவை என்று
அவளுக்குத் தோன்றியதே இல்லை.

நாலு புள்ளி ஆறு.

"இரண்டுதானே குறைந்திருக்கிறது?" என்றார்
நகரமன்றக் கூட்டத்தில் இங்கெமார் ஹுல்ட்க்விஸ்ட்.
"என் எடையே போன மாதம்
நாலு கிலோ ஏறியது."
சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.
பிறகு எழுந்து
அலமாரியிலிருந்து காப்பிக் கோப்பைகளை எடுத்து
மேசையில் வைக்கத் தொடங்கினாள்.

ஒன்று. "இது ஆறு புள்ளி ஆறு."
பத்து. "ஐந்து புள்ளி ஆறு."
பிறகு யாரும் பேசவில்லை.
பீங்கான் பீங்கானில் இடிக்கும் ஓசை மட்டும்.
மேசை நிறைந்து, ஜன்னல் திட்டு நிறைந்து,
பியானோவின் மூடிமேல் வந்தபோது
அலமாரி காலி.
தொண்ணூற்றாறு.
"மீதி நாலை
நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.
"ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு.
எண் இறங்க இறங்க
புளிப்பு ஏறும்.
எண்ணின்மேல் குற்றமில்லை,
நாம்தான் அதைக் கழித்தல் என்று படித்தோம்."

அன்றே முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை.
கோப்பைகளைத் திரும்ப அடுக்க
ஹுல்ட்க்விஸ்ட்தான் நின்றார்.
கைப்பிடி உடைந்த ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"பெர்ச் மீன்கள்...?" என்றார்.
"மண்ணிலிருந்து கரைந்த அலுமினியம்
செவுளில் படிந்துவிட்டது."
அவர் அந்தக் கோப்பையைத்
தனியே வைத்தார்.

மறுவருடம் வசந்தத்தில்
ஒரு தட்டைப் படகு
ஏரியெங்கும் சுண்ணாம்பு தூவிப் போனது.
தண்ணீர் பால்போல் திரண்டு நின்றது.
விடுமுறைக்கு வந்தவர்கள்
புகார் எழுதினார்கள்: ஏரி கலங்கலாக இருக்கிறது,
யார் பொறுப்பு?

சிக்னே குறிப்பேட்டில்
ஐந்து புள்ளி ஒன்பது என்று எழுதி
அடியில் கோடு போடாமல் விட்டாள்.